80 வீதம் என்று எழுதலாமா?

கேள்வி: திருகோணமலையில் அனுமதிப்பத்திரம் வழங்கும் அரச திணைக்களமொன்றில் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கிறேன். புதிய கணினி முறைமையில் தமிழ் அச்சையும் சேர்த்துத் தருமாறு ஒப்பந்த நிறுவனத்திடம் தொலைபேசியில் சொன்னேன். அதற்குத் தனியாகப் பில் அனுப்பிவிட்டார்கள். இம்மாத முன்னேற்ற அறிக்கையில் "80 வீதம் நிறைவு" என்று எழுதவும் சொல்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: பில்லை ஓரமாக வைத்துவிட்டு, மூல ஒப்பந்தத்தில் முறைமை என்னென்ன செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கும் பகுதியைத் திறந்து பாருங்கள். மும்மொழி என்று ஒரு வரி இருந்தால் தமிழ் அச்சு கூடுதல் வேலையே அல்ல. பணம் கேட்க இடமில்லை. 1988ஆம் ஆண்டின் 16ஆவது அரசியலமைப்புத் திருத்தத்துக்குப் பின் வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாக மொழி தமிழ். ஆகவே அந்த வரி இருந்தே தீர வேண்டியது.

இல்லையென்றால்தான் சிக்கல். அரசின் பெயரால் புதிய வேலை கொடுக்கும் அதிகாரம் உங்களுக்கு இல்லை. செலவுக்கு அதிகாரமளித்தல், அங்கீகரித்தல், சான்றுப்படுத்தல், பணம் செலுத்தல் ஆகியவற்றை யார் யார் செய்வது என்பதை அரச பணத்தைக் கையாள்வதற்கான விதிகளில் ஒன்றான நிதிப் பிரமாணம் 135இன் கீழ் எழுத்தில் ஒப்படைத்திருப்பார்கள். அந்தக் கடிதத்தில் உங்கள் பதவி இல்லாவிட்டால் பில்லைச் சான்றுப்படுத்தாதீர்கள். இன்றே வேலையை நிறுத்தும்படி நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள். எந்த நாளில் என்ன சொன்னீர்கள் என்பதை மறைக்காமல் குறிப்பெழுதி, பில்லோடு திணைக்களத் தலைவருக்கு அனுப்புங்கள். பழைய திகதியிட்டு அனுமதிக் கடிதம் தயாரிக்கலாம் என்று யாராவது சொன்னால் அறவே மறுத்துவிடுங்கள். அரசுக்கு ஏற்படும் இழப்பைப் பொறுப்பானவரிடமே அறவிட 2018ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டம் வழி செய்திருக்கிறது.

அறிக்கைக்கு வருவோம். எதில் 80 வீதம்? நிரல் எழுதியதிலா, பணம் கொடுத்ததிலா? ஒப்பந்தத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் எதிரே ஒப்படைத்தார்களா, சோதித்தோமா, ஏற்றுக்கொண்டோமா என்று மட்டும் எழுதுங்கள். சோதனையை நீங்களே செய்யலாம். குச்சவெளியிலிருந்து புதுப்பிக்க வந்த ஒருவரின் கோப்பை எடுத்து, கருமபீடத்துக் கணினியில் அவருடைய பெயரைத் தமிழில் பதிந்து அச்சிடுங்கள். 'ழ' வர வேண்டிய இடத்தில் வெற்றுப் பெட்டி விழுந்தால், அச்சுப் பகுதி ஏற்கப்படவில்லை. மேலதிகாரிக்கு இது பிடிக்காமல் போகலாம். ஆனாலும் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதே குச்சவெளிக்காரர் இந்த அறிக்கையைக் கேட்டு வாங்க முடியும். பெட்டி விழுந்த அந்தத் தாளையே அறிக்கையோடு இணைத்து அனுப்புங்கள்.