வேலைக்குப் போகிறவர்கள் தினமும் செபிக்கவும் விவிலியம் படிக்கவும் நேரம் ஒதுக்குவது எப்படி?

நேரமே கிடைப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருப்பார்கள், காலைத் திருப்பலிக்கு மணி அடிக்கும்போது நீங்கள் பஸ்ஸில் நிற்பீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறேன். விடியுமுன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்கினால்தான் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் நின்றுவிடும். அதனால் வாரநாள் காலைத் திருப்பலி எனக்கு வாய்க்காது. ஒரு தியானக் கூட்டத்தில் பேசியவர், காலையில் கோவிலுக்கு வராத வீடு செபமில்லாத வீடு என்றார். இன்றைக்கும் அது வலிக்கிறது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வெட்டி முடித்த பிறகு பால் எடுக்க இரண்டு மணிநேரம் போல ஆகும். அதுவரை பால் சிரட்டையில் சொட்டிக்கொண்டிருக்கும், நமக்கு வேலையில்லை. அந்த நேரத்தை நான் எடுத்துக்கொண்டேன். மூவேளை செபம் (மரியாவுக்கு வானதூதர் சொன்ன செய்தியை நினைத்துச் சொல்வது), போனில் அன்றைய திருப்பலி வாசகங்கள், அப்புறம் நற்செய்தியில் ஓர் அதிகாரம். என் புதிய ஏற்பாட்டில் விரலில் இருந்த பால் பக்க ஓரங்களில் பட்டு, காய்ந்து மஞ்சளாகியிருக்கும். லூக்காவில் இரண்டு பக்கங்கள் ஒட்டிப்போய்விட்டன, நகத்தால் பிரித்துத்தான் படிக்கிறேன்.

அலாரம் வைத்துப் புதிதாக அரைமணிநேரம் உண்டாக்கப் பார்க்காதீர்கள், ரொம்ப நாள் ஓடாது. தினமும் எப்படியும் நடக்கிற ஒரு வேலையோடு செபத்தைச் சேர்த்துவிடுங்கள். எனக்கு மழை பெய்து வெட்டு இல்லாத நாளில்தான் கவனம் தேவை, நேரம் நிறைய இருக்கிற நாளில்தான் செபம் நழுவும். அன்றைக்கும் அதே நேரத்துக்குத் திண்ணையில் உட்கார்ந்துவிடுவேன்.

எப்போதும் கடவுளை நினைத்தால் போதாதா, நேரம் குறிக்க வேண்டுமா என்று சிலர் வருவார்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலே 2697-ஆம் எண்ணில், குறித்த நேரங்களில் மனதாரச் செபிக்காதவரால் எந்நேரமும் செபிக்க முடியாது என்றுதான் சொல்கிறது. இன்னொன்று, திருப்பலியை விடச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், ஞாயிறு திருப்பலி கடமை, அதில் பேச்சுக்கே இடமில்லை.

படிப்புக்கு விவிலியத்தின் முதல் நூலான தொடக்க நூலில் ஆரம்பித்து மூன்றாவதான லேவியரில் நின்றுபோனவர்கள் நிறையப் பேர். மாற்குவில் ஆரம்பியுங்கள், 16 அதிகாரம்தான். நான்கு நற்செய்திகளும் சேர்ந்து 89, நாளுக்கு ஒன்று என்றால் மூன்று மாதம். மறைக்கல்வி நூலில் எண்ணிட்ட பத்திகள் 2865, நாளுக்கு எட்டு படித்தால் ஒரு வருடத்தில் முடியும். நாளின் வெவ்வேறு வேளைகளுக்கான திருச்சபையின் செபநூலான திருப்புகழ்மாலை குருக்கள், துறவிகள் போன்றவர்களுக்குத்தான் கடமை, ஆனாலும் அதிலுள்ள இரவுச் செபம் சின்னது, படுக்குமுன் சொல்லலாம்.

நம்ம மாவட்டத்துப் புனிதர் தேவசகாயத்தையே பாருங்கள். கல்யாணமானவர், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா அரசில் வேலை பார்த்தவர். அதே அரசின் படைத்தளபதி டிலனாய் சொன்ன, துன்பத்திலும் கடவுளை விடாத யோபுவின் கதைதான் அவரை விசுவாசத்துக்குக் கொண்டுவந்தது. வேலையில் பழகியவரிடம்தான் அவர் விசுவாசத்தைப் பற்றி முதலில் கேட்டறிந்தார். 1745-இல் திருமுழுக்கு, 2022-இல் புனிதர் பட்டம். துறவிகளுக்குத்தான் இதெல்லாம் என்பவர்களுக்கு வேறு பதில் வேண்டாம்.

பிள்ளைகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்து மறைக்கல்வி வகுப்பு நடக்கிற அதே நேரத்தில் எங்கள் பக்கத்து டியூஷன் சென்டர் டெஸ்ட் வைக்கிறது. வாரத்தில் ஆறு நாளும் அவர்களுக்குத்தானே இருக்கிறது? போய்க் கேட்டால், மார்க் குறைந்தால் எங்களைக் குறை சொல்லக்கூடாது என்கிறார்கள். என் மகளை அந்த டெஸ்டுக்கு அனுப்புவதில்லை. பெற்றோர் நாலு பேர் சேர்ந்து கேட்டால் நேரத்தை மாற்றுவார்கள், ஆனால் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து செபிக்கும் அன்பியக் கூட்டத்தில் எடுத்துச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுகிறார்கள், கூட வர ஆளில்லை.