பதில்: நடக்காத ட்ரெய்னிங்குக்குக் கையெழுத்துக் கேக்குறாங்க

தங்கச்சி, மாட்டுத்தாவணி பக்கம் தனியார் ஆஸ்பத்திரியில ஸ்டாஃப் நர்ஸா இப்பத்தான் சேர்ந்திருக்கேன், இன்ஸ்பெக்‌ஷன் வருதுன்னு நடக்காத மருத்துவக் கழிவு ட்ரெய்னிங்குக்குப் பழைய தேதி போட்டு ரெஜிஸ்டர்ல கையெழுத்துக் கேக்குறாங்கன்னு எழுதியிருக்கீங்க. போடாதீங்க. நாளைக்கு உங்க கையில ஊசி குத்துனாலோ, குப்பை பை மாறிப் போனாலோ, "சொல்லிக் குடுத்தாச்சு, இந்தா கையெழுத்து"ன்னு அந்த நோட்டைத்தான் முதல்ல எடுப்பாங்க.

2016 மருத்துவக் கழிவு விதிப்படி, கழிவைக் கையாளுற எல்லாருக்கும் வேலைக்குச் சேரும்போதே பயிற்சி குடுக்கணும். அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவையாவது. ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசியும் நிர்வாகத்தோட பொறுப்பு. பயிற்சி எடுக்காதவங்க எத்தனை பேருங்கிறதையும் வருஷாந்தர அறிக்கையில காட்டச் சொல்லுது. அதனால உங்க பேருக்கு நேரா 'இன்னும் நடக்கலை'ன்னு இருந்தா ஆஸ்பத்திரி இடிஞ்சு விழுந்துடாது.

சண்டை வேண்டாம். "மேடம், கிளாஸ் எடுங்க, அன்னைக்குத் தேதியிலயே போடுறேன்"னு நர்சிங் சூப்பிரண்டெண்ட் கிட்ட சொல்லிட்டு, அதையே ஒரு மெயிலாவும் அனுப்பிடுங்க. மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம்னு எந்தக் கலர் பை, டப்பாவுல எந்தக் கழிவைப் போடணும்னு சொல்றதுக்கு இம்புட்டு நாடகம் ஏன்னுதான் தெரியலை.

பி.எல்.எஸ். (உயிர்காக்கும் அடிப்படை முதலுதவி) பயிற்சிக் கட்டணத்தைச் சம்பளத்துல பிடிப்பாங்களான்னும் கேட்டிருக்கீங்க. அப்பாயிண்ட்மென்ட் ஆர்டர்ல என்ன இருக்குன்னு பாருங்க. அந்தப் பயிற்சிக்கு அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் பேர்ல தர்ற சான்றிதழ் கார்டு 2 வருஷம் செல்லும், உங்க பேர்லதான் இருக்கும். ஒரிஜினலை ஆபீஸ்ல குடுத்துடாதீங்க.

கிளாஸ் நடக்குறதுக்கு முன்னாடியே ஊசி குத்திட்டா: பிதுக்காம சோப்பு, தண்ணி போட்டுக் கழுவி, உடனே ரிப்போர்ட் பண்ணுங்க. எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டா 2 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சா நல்லது, 72 மணி தாண்டக் கூடாது. உங்க இடத்துல இழுத்தடிச்சா நேரா பெரியாஸ்பத்திரிக்குப் போயிடுங்க.