குற்றியும் பலகையும்

அன்புள்ள ஐயா,

ஆசியாவின் மரச் சந்தை பற்றிய உங்கள் கட்டுரையில், உலகில் தேக்கை அதிகம் வாங்கும் நாடு இந்தியா என்று எழுதியிருந்தீர்கள். சீனாவும் இந்தியாவும் இருபது ஆண்டுகளில் இறக்குமதி செய்த வன்மரப் பலகையின் அளவை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். சீனாவின் கோடு மலைபோல் எழ, இந்தியாவின் கோடு தரையோடு கிடக்கிறது. நீங்கள் எழுதியது எப்படிச் சரியாகும்?

க., காரைதீவு

அன்புள்ள க. அவர்களுக்கு,

உங்கள் எண்களில் பிழையில்லை. பலகையை மட்டும் எண்ணியதுதான் சிக்கல். சுங்க வகைப்பாட்டில் 6 மில்லிமீற்றருக்கு மேல் தடிப்புள்ள அரிந்த மரம் 4407 என்ற தலைப்பிலும், அரியாத குற்றி 4403 இலும் பதிவாகின்றன. குற்றிக்கு 5 சதவீதமும் பலகைக்கு 10 சதவீதமும் பல ஆண்டுகள் இறக்குமதி வரி விதித்த இந்தியா, பெரும்பாலும் குற்றியாக இறக்கி, காண்ட்லா துறைமுகத்தை அண்டிய மில்களில் அரிந்துகொண்டது. சீனாவோ 1998ஆம் ஆண்டு யாங்சி வெள்ளத்துக்குப் பின் தன் இயற்கைக் காடுகளில் வெட்டுவதைக் கட்டுப்படுத்தி, குற்றி, பலகை இரண்டுக்குமே வரியை நீக்கியது. ஆகவே நீங்கள் பார்த்த தலைப்பில் இந்தியாவின் பெரும்பங்கு இல்லவே இல்லை.

குற்றியையும் பலகையையும் அப்படியே கூட்டிவிடவும் முடியாது. கல்லடியில் எங்கள் வீட்டருகே உள்ள மரக்காலையில் முதிரைக் குற்றி அரிபடும்போது நின்று பார்த்திருக்கிறேன். பட்டையோடு வரும் வெளிச்சீவல்கள் விறகாகின்றன, வாளின் தடிப்பளவு ஒவ்வொரு வெட்டிலும் தூளாகிறது, வெடிப்புள்ள நடுப்பகுதியை ஓடாவியார் தள்ளிவைத்துவிடுகிறார். பாதிக்குப் பாதி பலகை தேறினால் அது நல்ல குற்றி. எனவே பலகையின் கனமீற்றரை ஏறத்தாழ இரண்டால் பெருக்கிக் குற்றிக் கணக்குக்குக் கொண்டுவந்த பிறகுதான் இரு நாடுகளையும் அருகருகே வைக்கலாம்.

காலப்போக்கைப் பார்க்கும்போது ஒரு பொறி இருக்கிறது. மத்திய ஆபிரிக்க நாடான கபோன் 2010 இல் குற்றி ஏற்றுமதியைத் தடைசெய்தது. அதுவரை அந்நாட்டுக் குற்றியை அதிகம் வாங்கிய சீனா, பின்னர் அதே மரத்தைப் பலகையாக வாங்கியது. சீனாவின் பலகைக் கோடு அப்போது ஏறியதில் ஒரு பங்கு, மரம் ஒரு தலைப்பிலிருந்து மறு தலைப்புக்கு மாறியதால் வந்தது. 2014 ஏப்ரல் 1 முதல் மியன்மார் குற்றி ஏற்றுமதியை நிறுத்தியபோது இந்தியாவுக்கும் இதுவே நடந்தது. தேக்குக்கு இந்திய வணிகர்கள் ஆபிரிக்காவையும் இலத்தீன் அமெரிக்காவையும் கூடுதலாக நாடினர். ஒட்டுப்பலகையின் மேல்முகத்துக்கு ஆகும் கர்ஜன் மரத்தை மியன்மாரிலேயே உரித்து மெல்லிய வெனியராகக் கொண்டுவந்தனர். அது 4408 இல் விழுவதால் உங்கள் கணக்கில் அங்கும் தப்பிவிட்டது.

வன்மரம் என்ற சொல்லும் நம்மை ஏமாற்றுகிறது. வைரம் பாய்ந்த முதிரையும் பாலையுமே நமக்கு வன்மரம். புள்ளிவிவரத்தில் அகன்ற இலை மரம் எல்லாமே வன்மரந்தான். தாய்லாந்திலிருந்து சீனா பெருமளவில் வாங்கும் இறப்பர்மரப் பலகையும் அந்த மலைக்குள்தான் இருக்கிறது. அதை வாசல்நிலைக்கு வைக்கச் சொன்னால் எங்கள் ஓடாவியார் உளியைக் கீழே வைத்துவிடுவார்.

தேக்கை மட்டும் பிரித்துப் பார்க்க விரும்பினால், மேலே சொன்ன சுங்க வகைப்பாட்டின் 2022 உலகப் பொதுப் பதிப்பில்தான் அதற்குத் தனி உபதலைப்புகள் கிடைத்தன: குற்றிக்கு 4403.42, பலகைக்கு 4407.23. முந்தைய ஆண்டுகளுக்கு இந்தியாவின் எட்டு இலக்கக் குறியீடுகளைத்தான் நாட வேண்டும்.