தேசிய அளவுல ஒரு டாக்டர்கள் சங்கத்துக்கு தலைவரா இருக்கறது வெறும் மாலை மரியாதைதானா?

கேள்வி கேட்டவரோட மாமா ஏதோ ஒரு ஸ்பெஷாலிட்டி டாக்டர்கள் சங்கத்துல தேசியத் தலைவர் பதவிக்கு நிக்கப்போறாராம். ஒரே ஒரு வருஷப் பதவிக்கு இவ்ளோ ஓட்டு கேட்டு ஊர் ஊரா அலையறாரே, உள்ள அப்படி என்னதான் இருக்கு, எதையாவது மாத்த முடியுமான்னு கேட்டிருக்கார்.

முதல்லயே சொல்லிடறேன், நான் எந்தச் சங்கத்துக்கும் தேசியத் தலைவரா இருந்ததில்ல, இனிமே ஆகப்போறதும் இல்ல. மனநல மருத்துவன். எங்க ஊர்ப்பக்கம் டாக்டர்களோட ஒரு சின்ன அமைப்புக்கு ரெண்டு வருஷம் செக்ரட்டரியா இருந்து மினிட்ஸ் எழுதி, ரசீது கிழிச்சு, மைக் வேலை செய்யுதான்னு தட்டிப் பாத்திருக்கேன். மேல உக்காந்தவங்க படற பாட்டை அங்கருந்துதான் பாத்தேன். அதனால எனக்குத் தெரிஞ்ச துறையை வச்சே சொல்றேன், உங்க மாமா எலும்பு டாக்டரோ கண் டாக்டரோ, கதை பெருசா மாறாது.

எங்க துறைக்கான தேசியச் சங்கம் இந்தியன் சைக்யாட்ரிக் சொசைட்டி. 1947 ஜனவரில ஆரம்பிச்சது, சுதந்திரத்துக்கு ஏழு மாசம் மூத்தது. ஒருத்தர் முதல்ல துணைத் தலைவரா ஜெயிப்பார், அவரே அடுத்த வருஷம் தானா தலைவர் ஆயிடுவார். கேக்க நல்ல ஏற்பாடு மாதிரி இருக்கும். ஆனா கணக்கு போட்டுப் பாருங்க, தலைவரா முழுசா கையில இருக்கறது பன்னெண்டு மாசம், அதுல மூணு மாசம் பாராட்டு விழாவுல போயிடும், கடைசி மூணு மாசம் அடுத்த மாநாட்டு ஏற்பாட்டுலயும் அடுத்தவர் யாருங்கற பேச்சுலயும் போயிடும், நடுவுல மிஞ்சற ஆறு மாசத்துலதான் டெல்லிக்குப் போகணும், கமிட்டி போடணும், டிவில யாராவது நடிகர் தற்கொலை பத்தி பேச்சு வந்தா சங்கத்து சார்புல வாய் திறக்கணும்.

இப்ப ஒரு சட்டம் எவ்ளோ நாள் எடுக்கும்னு பாருங்க. மனநலப் பராமரிப்பு மசோதா ராஜ்யசபாவுக்கு வந்தது 2013 ஆகஸ்ட்ல. பாஸானது 2016 ஆகஸ்ட். லோக்சபா 2017 மார்ச். அமலுக்கு வந்தது 2018 மே. கிட்டத்தட்ட அஞ்சு வருஷம், அந்த அஞ்சு வருஷத்துல வருஷத்துக்கு ஒரு தலைவர் மாறிட்டே இருந்தாங்க. அமைச்சகத்துல ஒரு அதிகாரிக்குப் பக்கம் பக்கமா விளக்கி முடிக்கறதுக்குள்ள நம்மாள் பதவிக்காலம் முடிஞ்சிரும், இல்லன்னா அந்த அதிகாரி வேற துறைக்கு மாறிடுவார். புதுசா வந்தவர் புதுசா வந்தவருக்கு முதல்ல இருந்து விளக்கணும். அதனால ஒரு நல்ல தலைவர் யாருன்னு என்னைக் கேட்டா, புதுசா ஸ்லோகன் கொண்டு வர்றவர் இல்ல, போன தலைவர் பாதில விட்ட கடிதத்தை எடுத்து ரெண்டாவது பாராலருந்து தொடர்றவர். அதுக்கு ஒருத்தரும் மாலை போட மாட்டாங்க.

அந்தச் சட்டத்து மேல எங்காளுங்களுக்கு ஏகப்பட்ட கோபம். 1987ல வந்த பழைய சட்டத்துல டாக்டரும் குடும்பமும்தான் முடிவு எடுக்கறவங்க. புதுசு, நோயாளிக்கு உரிமை இருக்குன்னு ஆரம்பிக்குது. தனக்கு எந்த மாதிரி சிகிச்சை வேணும், எது வேண்டாம்னு முன்கூட்டியே எழுதி வைக்கலாம். தனக்காக முடிவெடுக்க ஒரு ஆளை அவரே நியமிக்கலாம், அது அப்பா அம்மாவாதான் இருக்கணும்னு இல்ல. பேப்பர்ல படிச்சா எனக்கே நெஞ்சு நிமிரும். ஓபில அப்படி இல்லீங்க. உசிலம்பட்டிப் பக்கத்துலருந்து ஒரு அம்மா, மகனைக் கூட்டிட்டு வந்தாங்க, பையன் மூணு நாளா தூங்கல, பஸ்ல வர்றப்பயே கண்டக்டரோட சண்டை. அந்த நியமனப் பிரதிநிதி ஃபாரத்தை எடுத்து வச்சு நான் பாட்டுக்கு விளக்கறேன், அந்தம்மா முந்தானையால மூக்கைத் துடைச்சிட்டு கேட்டாங்க, "ஏன் சாமி, நான் பெத்த புள்ளைக்கு நான் யாருன்னு நான் எழுதிக் குடுக்கணுமா?" என்ன பதில் சொல்ல. ஆனா அதே வாரம் இன்னொரு பொண்ணு வந்தா, சொத்துக்காக அண்ணனே பைத்தியம்னு சொல்லிக் கொண்டாந்து விட்டுட்டான், அவளுக்கு அந்த ஃபாரம்தான் பிடி கயிறு. ரெண்டு பேரும் ஒரே சட்டத்துக்குள்ள இருக்காங்க. தலைவர்ங்கறவர் இந்த ரெண்டு பேரையும் மனசுல வச்சுக்கிட்டு டெல்லில பேசணும், ஆனா அவருக்கு ஓட்டுப் போட்டது டாக்டருங்க மட்டும்தான். அங்கதான் சிக்கலே.

கரண்ட் ஷாக் விஷயம் இதுக்கு இன்னும் நல்ல உதாரணம். நாங்க ஈசிடின்னு சொல்லுவோம். மயக்க மருந்தும் தசை தளர்த்தற மருந்தும் குடுத்து செய்யறது முறையானது. அதில்லாம நேரடியா குடுக்கறதை 2017 சட்டம் ஒரேயடியா தடை பண்ணிருச்சு. எங்க சங்கமோ 2012லதான் ஒரு நிலைப்பாடு எழுதி வெளியிட்டிருந்துச்சு, வேற வழியே இல்லாத அபூர்வ சந்தர்ப்பத்துல நேரடியா குடுக்கறதுக்கும் இடம் இருக்கணும்னு. காரணம் இல்லாம இல்ல, மயக்க டாக்டர் கிடைக்காத ஊர்ல, சாப்பாடே இறங்காம கட்டைபோல கிடக்கற ஆளை வச்சுக்கிட்டு தவிச்சவனுக்குத்தான் அந்த வலி தெரியும். ஆனா எந்தப் பத்திரிகைக்காரன்கிட்ட போய் இதை விளக்குவீங்க? "மயக்க மருந்து இல்லாம ஷாக் குடுக்க உரிமை கேக்கும் டாக்டர்கள்"னு தலைப்பு போட்டா முடிஞ்சுது கதை. எங்களுக்குள்ளயே ஒருத்தர் கடைசி வரைக்கும் போராடணும்னார், இன்னொருத்தர் விடுங்கப்பா, காலம் போயிருச்சு, மாவட்ட ஆஸ்பத்திரிக்கு ஒரு அனஸ்தட்டிஸ்ட் கேட்டு மல்லுக்கட்டுங்கன்னார். நான் ரெண்டாவது கட்சி. அன்னிக்கு அதை வெளில சொல்லல, அது வேற விஷயம்.

நம்ம பக்கத்து ஆளுங்க இதுல எதையும் முழுசா எதிர்க்க முடியாததுக்கு இன்னொரு காரணம் ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6, விடியக்காலைல தீ, சங்கிலில கட்டிப் போட்டிருந்த நோயாளிங்க ஓட முடியாம 28 பேர் செத்தாங்க. அது ஆஸ்பத்திரி இல்ல, தர்காவை ஒட்டி நடந்த காப்பகம், எங்க டாக்டர் யாரும் கட்டிப் போடல. உண்மைதான். ஆனா அவங்க ஏன் அங்க போனாங்க, பக்கத்துல நாம ஏன் இல்லன்னு கேட்டா பதில் இல்லையே. சட்டத்துல சங்கிலி போடக்கூடாதுன்னு ஒரு வரி இருக்கு பாருங்க, அதைப் படிக்கறப்ப எனக்கு அந்த போட்டோதான் ஞாபகம் வரும்.

சரி, இப்ப நான் மினிட்ஸ் எழுதின ஒரு கூட்டத்துக்கு வர்றேன். தன்பாலின ஈர்ப்பு நோய் இல்லன்னு அமெரிக்கக்காரங்க 1973லயே நோய்ப் பட்டியல்லருந்து எடுத்துட்டாங்க. உலக சுகாதார நிறுவனம் 1990ல. நம்ம சங்கம் பத்தி 2014ல ஒரு சர்ச்சை ஓடுச்சு, அப்புறம்தான் இதை நோய்னு சொல்ல ஆதாரம் இல்லன்னு அறிக்கை வந்துச்சு. 2018 ஜூலைல, தன்பாலின உறவைக் குற்றம்னு சொன்ன 377வது பிரிவு மேல வழக்கு சுப்ரீம் கோர்ட்ல நடந்துட்டு இருக்கறப்ப அப்போதைய தலைவர் அஜித் பிடே, பெங்களூர்க்காரர், வீடியோலயே வந்து இது நோய் இல்லன்னு சொன்னார். செப்டம்பர் 6, அது குற்றம் இல்லன்னு தீர்ப்பு. வெளிலருந்து பாத்தா ஒரு சின்ன வீடியோ, அதுல என்ன பெருசுன்னு தோணும். உள்ள இருக்கறவனுக்குத்தான் தெரியும், அந்த வீடியோ பாதி வெளி உலகத்துக்கு, மீதி பாதி சொந்த உறுப்பினர்களுக்கு.

ஏன்னா அடுத்த வருஷம் எங்க கூட்டத்துல, அதே கருத்தை ஒட்டி நாமளும் ஒரு தீர்மானம் போட்டுடுவோம்னு ஒரு சின்னப் பொண்ணு, அப்பதான் எம்டி முடிச்சவ, எழுந்து சொன்னா. முன் வரிசைல என் வாத்தியார் உக்காந்திருந்தார். எனக்கு மட்டுமில்ல, அந்த ஹால்ல பாதிப் பேருக்கு வாத்தியார். மெதுவா எழுந்தார். "ஐசிடி பத்துல எஃப் 66 இருக்கா இல்லையா, அதைச் சொல்லும்மா முதல்ல" ன்னார். ஐசிடின்னா உலக சுகாதார நிறுவனத்தோட நோய்ப் பட்டியல். இருக்கு. தன் ஈர்ப்பே தனக்குப் பிடிக்கலன்னு வர்றவங்களுக்குன்னு ஒரு தலைப்பு அதுல விட்டு வச்சிருந்தாங்க, 2022ல அமலுக்கு வந்த ஐசிடி பதினொண்ணுலதான் அது போச்சு. அந்தச் சந்து வழியாத்தான் எத்தனையோ பேருக்கு 'சிகிச்சை' நடந்துச்சு. அந்தக் காலத்துல வெறுப்பு உண்டாக்கி மாத்தறோம்னு ஷாக் வச்சு செஞ்சதெல்லாம் நம்ம நாட்டு ஜர்னல்லயே கட்டுரையா வந்திருக்கு. அந்தப் பொண்ணு படபடப்பே இல்லாம சொன்னா, "சார், அவங்களுக்கு ஏன் பிடிக்கல, வீட்ல அடி வாங்கறதால பிடிக்கல. அதுக்கு வீட்டுக்குத்தானே வைத்தியம்?" ஹால்ல சத்தமே இல்ல, ஏசி ஓடற சத்தம் மட்டும். சார் கொஞ்ச நேரம் நின்னார். "நீங்க பாஸ் பண்ணிக்கோங்கப்பா. நான் ஒத்துக்கலன்னு எழுதிக்கோ"ன்னு என்னைப் பாத்து சொல்லிட்டு காபி குடிக்கப் போயிட்டார். எழுதினேன். ஒருவர் மாற்றுக் கருத்து, அவ்வளவுதான் மினிட்ஸ்ல இருக்கு. பேர் போடல.

தலைவர் பதவின்னா இதுதாங்க என் கணக்குல. அரசாங்கத்தோட மல்லுக்கட்டறது கூட லேசு. முப்பது வருஷம் நமக்குப் பாடம் சொல்லிக் குடுத்தவர்கிட்ட, சார் நீங்க சொல்லிக் குடுத்தது தப்புன்னு சொல்லணும், அவர் எழுந்து போயிடாமயும் பாத்துக்கணும், அதே நேரம் பின்வரிசைல இருக்கற பொண்ணு, இந்தச் சங்கம் தேறாதுன்னு சந்தா கட்டாம விட்டுடாமயும் பாத்துக்கணும். ரொம்ப மெதுவாப் போனா கோர்ட்டு முந்திக்கும். எங்களுக்கு அப்படித்தான் ஆச்சு, 2021 ஜூன்ல மெட்ராஸ் ஹைகோர்ட்ல நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் மாத்தறேன்னு செய்யற சிகிச்சைக்கே தடை போட்டார், அதுவும் தனக்கு இது புரியலன்னு வெளிப்படையா ஒத்துக்கிட்டு ஒரு உளவியலாளர்கிட்ட உக்காந்து கேட்டுட்டு. தேசிய மருத்துவ ஆணையம் 2022ல அதைத் தொழில்முறைக் குற்றம்னு சொல்லுச்சு. ஒரு நீதிபதிக்கு இருந்த அந்தத் துணிச்சல் எங்க பெரியவங்க எத்தனை பேருக்கு இருந்துச்சுன்னு கேட்டா சங்கடமா இருக்கு.

காசு விஷயம் சுருக்கமா. மாநாடுன்னா மருந்து கம்பெனி, கம்பெனின்னா மாநாடுன்னு ரொம்ப வருஷம் ஓடுச்சு. 2024 மார்ச்ல மத்திய அரசு கொண்டு வந்த மார்க்கெட்டிங் விதில, பேச்சாளரா இல்லாத டாக்டருக்கு டிக்கெட், ஹோட்டல் எதுவும் குடுக்கக்கூடாதுன்னு வந்துருச்சு. நல்லதுதான். ஆனா பதிவுக் கட்டணத்தை ஏத்தினா சின்ன ஊர் டாக்டரும் பிஜி பசங்களும் வரமாட்டாங்க, ஏத்தலன்னா ஹாலுக்கு வாடகை குடுக்க முடியாது. உங்க மாமா ஜெயிச்சா முதல் ராத்திரியே தூக்கம் போறது இதுலதான், கொள்கைல இல்ல.

கொரோனா காலம் மட்டும் ஒரு விதிவிலக்கு, எல்லாம் வேகமா நடந்துச்சு. 2020 மார்ச் 25 போன்லயும் வீடியோலயும் வைத்தியம் பாக்கறதுக்கான டெலிமெடிசின் விதிமுறை வந்துச்சு, எங்க சங்கமும் பெங்களூர் மனநல நிறுவனமான நிம்ஹான்ஸும் டெலிமெடிசின் சொசைட்டியும் சேந்து அந்த வருஷமே மனநலத்துக்குத் தனியா வழிகாட்டி போட்டாங்க. பயம் இருந்தா கமிட்டி கூட ஓடும் போல.

மாமாகிட்ட ரெண்டு விஷயம் சொல்லுங்க. தனக்கு முன்னாடி இருந்தவரையும் பின்னாடி வரப்போறவரையும் மாசம் ஒரு தடவ சாப்பிடக் கூப்பிடச் சொல்லுங்க, மூணு பேருக்கும் ஒத்து வரலன்னா வருஷம் வீண். அப்புறம் பொதுக்குழுக் கூட்டத்தை டின்னருக்கு முன்னாடி வைக்கச் சொல்லுங்க. நாங்க ஒரு தடவ பின்னாடி வச்சோம், கூட்டம் செல்லறதுக்குத் தேவையான ஆள் கணக்கே சேரல, கேட்டரிங் பசங்க ரெண்டு பேர் பின்னாடி உக்காந்து தீர்மானத்துக்கெல்லாம் கை தட்டிட்டு இருந்தாங்க.