முதல் நான்கு விநாடி

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்தில் போல்டனில் நான்கு வருடமாக இருக்கிறேன். மருத்துவமனையில் செவிலியர் வேலை. எங்கள் பகுதி மன்றத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை நார்தர்ன் சோல் இரவு, அதாவது அறுபதுகளின் அமெரிக்க சோல் பாட்டுகளுக்கு ஆடும் இரவு, நடக்கும். ஆடப் போய்ப் பழகி, அடுத்த மாதம் அரை மணி நேரம் இசைத்தட்டுப் போட எனக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். ஒரு டிஜேயின் அபூர்வத் தட்டுகள் பட்டியலைப் பார்த்து மூன்று அமெரிக்க 45களை (நிமிடத்துக்கு 45 சுற்று சுழலும் சின்னத் தட்டுகளை) 400 பவுண்டுக்கு வாங்கினேன். பீட்டைப் பொருத்தி ஒன்றோடு ஒன்றைக் கலந்து பழகுகிறேன். பத்து விநாடிக்குமேல் ஒட்டமாட்டேன் என்கிறது. ஒரு தட்டு இரண்டே வாரத்தில் தொடக்கத்தில் மட்டும் 'சர்ர்' என்று இரைகிறது. விற்றவர் ஏமாற்றிவிட்டாரா? மறுபதிப்பு போட்டால் சிரிப்பார்களா? அவசியம் வாங்கவேண்டிய பத்து அபூர்வத் தட்டுகளைச் சொல்லுங்கள்.

பி.கு: ஊரிலிருந்து வந்திருக்கும் என் மாமியார் இந்தப் பாட்டுகளைக் கண்டுகொள்வதே இல்லை. ஜிம்மி ராட்க்ளிஃப் பாட்டுக்கு மட்டும் நறுக்கிக்கொண்டிருந்த வெங்காயத்தை வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்து நின்றார்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்தார்)

*

அன்புள்ள தங்கைக்கு,

விற்றவர் ஏமாற்றவில்லை. தட்டைக் கெடுத்தது நீங்கள்தான்.

தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஓரத்தில், பாட்டு ஆரம்பிக்கும் இடத்தில், பளபளப்பு போய் சாம்பல் நிறத்தில் ஒரு கீற்று தெரியும். ஊசியை முதல் ஒலியின்மேல் வைத்து, கையால் முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டித் தேடியிருக்கிறீர்கள். வினைல் அதைக் கொஞ்சம் பொறுக்கும். ஆனால் அறுபதுகளில் அமெரிக்காவில் வந்த 45களில் ஏராளமானவை வினைலே அல்ல, ஸ்டைரீன். அச்சுக்குள் உருக்கிச் செலுத்திய கெட்டிப் பிளாஸ்டிக். அதற்கு வளைந்துகொடுக்கத் தெரியாது. ஊசி பின்னால் போகும்போதெல்லாம் தடத்தின் சுவரைச் சுரண்டும். சுரண்டியது திரும்ப வராது, எதைப் போட்டுக் கழுவினாலும். நடுவிலுள்ள பெயர்த்தாள் தட்டோடு சேர்ந்து அழுந்தாமல் தனியாக ஒட்டியதுபோல இருந்தால், விரல் நகத்தால் தட்டும்போது வறண்ட 'டக்' கேட்டால், ஸ்டைரீன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

செய்யவேண்டியது இது. கூம்பு முனை ஊசி. ஊசி தட்டை அழுத்தும் எடை, ஊசி செய்தவர்கள் சொன்ன அளவுக்குள். தேய்ந்த ஊசியா, அன்றே தூக்கி எறியுங்கள். ஊசியை ஓரத்து வெற்றுத் தடத்தில் இறக்கி, முதல் ஒலி எத்தனையாவது விநாடியில் வருகிறது என்று ஹெட்ஃபோனில் ஒரே ஒருமுறை எண்ணி, பென்சிலால் உறையில் எழுதிவையுங்கள். அன்றைக்கு அதே இடத்தில் இறக்கி, எண்ணி, சத்தத்தைத் திறந்தால் போதும். பின்னுக்கு இழுக்கும் வேலையே கிடையாது. வினைலாக இருந்தால் முதல் ஒலியிலிருந்து கால் சுற்று பின்னே வைத்து விடலாம். மோட்டாரே நேராகச் சுழற்றும் தட்டுமேசை அநேகமாக அதற்குள் வேகம் பிடித்துவிடும். பெல்ட் மேசைக்கு இன்னும் கூடுதலாக விடவேண்டும், இல்லாவிட்டால் முதல் சொல்லே இழுவையாக வரும். அமெரிக்கத் தட்டின் நடு ஓட்டை 38 மில்லிமீட்டர். நம்மூர் சினிமா ஈபிகளைப்போலச் சின்ன ஓட்டை அல்ல. நடுவில் வைக்கும் வில்லை கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் சுதி அலையும். இன்னொன்று: ஆடுகிறவர்கள் சுழல வசதியாகத் தரையில் டால்கம் பவுடர் தூவுவார்கள். அது பறந்துவந்து தடத்துக்குள் உட்காரும். போட்டு முடித்த தட்டு மேசையில் கிடக்கக்கூடாது.

இத்தனையும் பாட்டின் அந்த முதல் நான்கு விநாடிக்காகத்தான். உங்களோடு சண்டை போடவேண்டியதும் அதைப் பற்றித்தான்.

எதற்காக இந்தப் பாட்டுகளைக் கலக்கிறீர்கள்? யார் கேட்டார்கள்? பத்து விநாடிக்குமேல் ஒட்டாததற்குக் காரணம் உங்கள் கை அல்ல. எந்திரத் தாளத்தைக் காதில் கேட்டுக்கொண்டு அடித்த டிரம் அல்ல அது. டெட்ராய்ட்டிலும் சிகாகோவிலும் ஒரே அறையில் எல்லோரும் சேர்ந்து வாசித்தது. பல்லவிக்கு வரும்போது டிரம்காரர் கொஞ்சம் முந்துவார், மற்றவர்களும் கூடவே முந்துவார்கள். அந்த முந்தலில்தான் ஆடுகிறவரின் கால் எழும்புகிறது. இரண்டு பாட்டைப் பிடித்து நிமிடத்துக்கு 125 பீட் என்று ஒரே கயிற்றில் கட்டினால் இரண்டுமே செத்துப்போகும். ஒட்டினால்கூட அது தப்பு என்பதே என் கட்சி.

நமக்கு இதைச் சொல்லித்தரவேண்டியதே இல்லை. வானொலியில் முன்னிசை தொடங்கியதும், பாடகர் வாய் திறக்கும் முன்பே, அடுப்படியிலிருந்து பாட்டின் பேரைச் சொல்கிற ஜனம் நாம். சோல் இரவிலும் அதேதான். கூட்டம் சுவரோரமாக, தண்ணீர் பாட்டிலோடு நிற்கும். ஆர். டீன் டெய்லரின் 'தேர்ஸ் எ கோஸ்ட் இன் மை ஹவுஸ்' அந்தக் கரகரத்த ஒலியோடு ஆரம்பித்ததும் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு நடுவுக்கு ஓடுவார்கள். அவர்களைக் கூப்பிடுவது முன்னிசைதான். அதன்மேல் முந்தைய பாட்டின் வாலைப் போர்த்தினால், கூப்பிட்ட குரலை அமுக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். பாட்டின் பெயரை மைக்கில் சொல்லுங்கள், அது மரபு. முந்தையது தேய்ந்து அடங்கும்போது சொல்லுங்கள், முன்னிசையின்மேல் சொல்லாதீர்கள். நடுவில் இரண்டு விநாடி மௌனம் வந்தால் யாரும் அடிக்க வரமாட்டார்கள். அந்த நேரத்தில்தான் கை தட்டுவார்கள், மூச்சு வாங்குவார்கள்.

இரண்டரை நிமிடப் பாட்டை முழுதாக விடுங்கள். நடுவில் வெட்டுகிறவர் பேரில் எனக்குக் கோபம்தான் வரும். கடைசிப் பல்லவிக்கு என்று ஒரு சுழலை மிச்சம் வைத்திருப்பவரின் காலை வாருகிற வேலை அது.

அபூர்வம் பற்றி அதிகம் பேசமாட்டேன். பிராங்க் வில்சனின் 'டூ ஐ லவ் யூ' 1965இல் மோட்டவுன் இசை நிறுவனத்தின் 'சோல்' என்ற துணை லேபிளுக்காக மாதிரித் தட்டாக அச்சடிக்கப்பட்டு, வெளிவராமலே நின்றது. மிஞ்சிய தட்டுகளில் ஒன்று 2009இல் 25,742 பவுண்டுக்கு விலைபோனது. அந்தப் பாட்டையே விகன் கேசினோ என்ற ஆட்டமன்றத்தில் எட்டி ஃபாஸ்டர் என்று வேறு பெயர் சொல்லிப் போட்டார்கள், போட்டி டிஜேக்கள் தேடிப் பிடித்துவிடக் கூடாதென்று. அந்தக் கூட்டம் யாருடைய தட்டு என்றே தெரியாமல் ஆடியது. 1979இல் அதே பாட்டு பிரிட்டனில் டம்லா மோட்டவுன் லேபிளில் வெளிவந்தது. குளோரியா ஜோன்ஸின் 'டெய்ன்டட் லவ்' 1965இல் ஒரு தட்டின் பின்பக்கமாக வந்து விற்காமல் போனது. விற்காததால்தான் இவையெல்லாம் அபூர்வம். விலையை வைத்துப் பாட்டைத் தேர்ந்தால், கடையில் தோற்றது எது என்பதுதான் தெரியும். 400 பவுண்டு, ஒரு செவிலியரின் எத்தனை இரவுப் பணி என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

மறுபதிப்பு: உங்கள் மன்றத்தில் 'அசல் தட்டு மட்டும்' என்ற விதி இருக்கிறதா என்று நடத்துபவரைக் கேளுங்கள், இருந்தால் கட்டுப்படுங்கள். இல்லையென்றால் உரிமை வாங்கி வெளியிடும் கென்ட் போன்ற லேபிள்களின் தட்டைத் தலைநிமிர்ந்து போடுங்கள். அசலைப் பார்த்து அச்சடித்த கள்ளத்தட்டைத் தொடாதீர்கள். பாடியவருக்கு அதில் ஒரு காசு போகாது.

அரை மணிக்குப் பத்துப் பதினோரு தட்டு வரும். எல்லாவற்றையும் நான்கு அடியிலும் ஸ்னேர் டிரம் விழுகிற ஸ்டாம்பராக அடுக்காதீர்கள்; நான்காவது பாட்டில் முழங்கால் கேட்கும். மூன்று வேகமானது, ஒன்று நடுத்தரம், மறுபடி மூன்று. டோபி கிரேயின் 'அவுட் ஆன் த ஃப்ளோர்' போல, மிதந்து போகிற ஒன்று நடுவே இருக்கட்டும். ஒவ்வொரு தட்டின் சத்தமும் ஒவ்வொரு மட்டத்தில் வெட்டியிருக்கும். அடுத்ததன் அளவை ஹெட்ஃபோனில் பார்த்துச் சமன் செய்த பிறகே திறங்கள்.

இப்போது உங்கள் மாமியாருக்கு வருகிறேன். உங்கள் பக்கத்து ஊரான விகனின் அதே கேசினோவில், 1973 முதல் 1981 வரை, விடிய விடிய ஆடிய கூட்டத்தைக் காலை எட்டு மணிக்கு வீட்டுக்கு அனுப்பிய மூன்று தட்டுகள் உண்டு: ஜிம்மி ராட்க்ளிஃபின் 'லாங் ஆஃப்டர் டுநைட் இஸ் ஆல் ஓவர்', டோபி லெஜண்டின் 'டைம் வில் பாஸ் யூ பை', டீன் பாரிஷின் 'ஐ'ம் ஆன் மை வே'. முதல் தட்டையே உங்கள் மாமியார் பொறுக்கியிருக்கிறார், எந்தப் பட்டியலும் இல்லாமல். நீங்கள் கேட்ட பத்தை நான் தரப்போவதில்லை. வாரம் முழுக்க, அவர் காய் நறுக்கும்போது, தட்டுகளை ஒவ்வொன்றாகப் போடுங்கள். முகத்தைப் பார்க்காதீர்கள், அவர் கையிலுள்ள கத்தி எந்தப் பாட்டின் முன்னிசைக்கு நிற்கிறது என்று மட்டும் பாருங்கள். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு அவரையும் கூட்டிப்போங்கள். ரப்பர் அடியுள்ள செருப்பு வேண்டாம், தரையைப் பிடித்துக்கொள்ளும், முட்டி திரும்பிவிடும். தோல் அடியுள்ள தட்டையான செருப்பு போதும்.

அன்புடன்.