பாதி உரையாடல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

கடித இலக்கியம் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். தொலைபேசி வந்ததும் மனிதர்கள் நீண்ட கடிதங்கள் எழுதுவதை விட்டுவிட்டார்கள் என்று அதில் ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறீர்கள். என் கேள்வி அந்த வரியில்தான். கடிதம் இலக்கியத்துக்குக் கொடுத்ததில் பாதியையாவது தொலைபேசி கொடுத்திருக்கிறதா? நான் படித்த கதைகளிலும் பார்த்த படங்களிலும் மணி அடிக்கும், யாரோ எடுப்பார்கள், செய்தி வரும், கதை திரும்பும். பழைய நாடகங்களில் மூச்சிரைக்க ஓடிவரும் தூதுவனின் வேலைதான் அது. அதற்கு மேல் அந்தக் கருவியில் ஒன்றும் இல்லையா?

அன்புடன்,
எம்.

அன்புள்ள எம்,

பெரும்பாலான கதைகளில் தொலைபேசி வெறும் தூதுவன்தான். அதை மறுக்கமாட்டேன். அதை வாயாக மட்டுமே நினைப்பதால் வரும் குறை அது. அந்தக் கருவி காதிலிருந்து பிறந்தது.

1874இல் அலெக்சாண்டர் கிரகாம் பெல்லிடம் இறந்துபோன ஒரு மனிதரின் செவி இருந்தது. கிளாரன்ஸ் பிளேக் என்ற காது மருத்துவர் கொடுத்தது. செவிப்பறையோடும் அதை ஒட்டிய சிற்றெலும்புகளோடும் அதை ஒரு சட்டத்தில் பொருத்தி, எலும்போடு ஒரு வைக்கோல் துரும்பை இணைத்தார். துரும்பின் முனை புகைக்கரி பூசிய கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருக்கும். செவிக்குள் பேசினால் பறை அதிரும், எலும்பு அசையும், துரும்பு கரியில் அலை அலையாகக் கோடு கிழிக்கும். இவ்வளவு மெல்லிய சவ்வு தன்னைவிடக் கனமான எலும்பை அசைக்கிறதே, இன்னும் கொஞ்சம் பெரிய சவ்வு ஓர் இரும்புத் துண்டை அசைக்காதா என்று அவர் எண்ணினார். தொலைபேசியின் வித்து அந்த எண்ணம்.

அவருடைய அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்காது. சிறுவன் பெல் அம்மாவின் நெற்றியருகே வாயை வைத்துத் தாழ்ந்த குரலில் பேசுவான். வளர்ந்தபின் பாஸ்டனில் காது கேளாத பிள்ளைகளுக்கு ஆசிரியரானார். 1877இல் அவர் மணந்த மேபல் ஹப்பார்ட், ஐந்து வயதில் வந்த காய்ச்சலில் கேட்கும் திறனை இழந்தவர். புதிய தொலைபேசி நிறுவனத்தில் தன் பெயரில் இருந்த பங்குகளில் பத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற அனைத்தையும் திருமணப் பரிசாக அவருக்கே எழுதிக்கொடுத்தார் பெல். ஆனால் அந்தக் கருவி வழியாகக் கணவரின் குரலை மேபலால் ஒருநாளும் கேட்க முடியவில்லை.

1876 மார்ச் 10 அன்று கம்பி வழியாக உதவியாளர் வாட்சனுக்குப் போய்ச் சேர்ந்த வாக்கியத்தைப் பெல் தன் குறிப்பேட்டில் எழுதிவைத்திருக்கிறார்: 'மிஸ்டர் வாட்சன், இங்கே வாருங்கள், உங்களைப் பார்க்க வேண்டும்.' குரல் போய்ச் சேர்ந்த அந்த நொடியிலேயே முகத்தைக் கேட்டிருக்கிறது. (யார் முதலில் கண்டுபிடித்தார் என்ற வழக்குக்குள் நான் இப்போது போகவில்லை. எலிஷா கிரேயும் அன்டோனியோ மெயூச்சியும் தனிக் கட்டுரைக்கு உரியவர்கள்.)

உடலில்லாத குரலுக்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு சொல் இருந்தது: அசரீரி. தேவகியின் எட்டாவது பிள்ளையால் உனக்கு மரணம் என்று கம்சனுக்குக் கேட்டதே, அது. புராணத்தில் வானம்தான் அப்படிப் பேசும். தொலைபேசி வந்தபின் பக்கத்துத் தெருக்காரரும் அப்படிப் பேசலாம் என்றானது. இந்த மாற்றத்தை இலக்கியம் கவனிக்க அதிக நாள் ஆகவில்லை. 1880இலேயே மார்க் ட்வைன் ஒரு சிறு சித்திரம் எழுதினார். அவர் எழுதிக்கொண்டிருக்கிறார். அதே அறையில் ஒரு பெண்மணி தொலைபேசியில் பேசுகிறார். கேள்விகள் கேட்கின்றன, பதில்கள் கேட்பதில்லை. திடீரென்று ஒரு நன்றி, காரணம் தெரியாத ஒரு வியப்பு, இடையில் மௌனம். மறுமுனையில் என்ன பேசப்படுகிறது என்பதை வாசகர்தான் இட்டு நிரப்பிக்கொள்ள வேண்டும்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அகப்பாடல்கள் நினைவுக்கு வரும். 'தலைவன் சிறைப்புறத்தானாக, தோழிக்குத் தலைவி சொல்லியது' என்று பாட்டின் கீழே குறிப்பு இருக்குமே. ஒருத்தி மட்டும் பேசுவாள். தோழியின் முகம் நமக்குத் தெரியாது, சிறைப்புறத்தில், அதாவது வேலிக்கு அப்பால், நிற்பவன் வாய் திறக்கமாட்டான். ஆனாலும் அவர்கள் இருவரும் இல்லாமல் அந்தப் பாட்டு இல்லை. பாதி உரையாடலைக் கேட்டு மீதியை உணர நம் கவிதை ஈராயிரம் ஆண்டுகளாக நம்மைப் பழக்கியிருக்கிறது. அதனால்தான் தொலைபேசியைத் தூதுவன் என்று ஒரு தமிழ் வாசகர் சொல்லும்போது எனக்குத் தாங்கவில்லை. அதைச் சிறைப்புறம் என்று சொல்லிப் பாருங்கள்.

சிறைப்புறத்தில் நிற்பவரும் நிஜமாகவே இருந்தார். தொடக்க காலத்தில் ஒவ்வோர் அழைப்பையும் இணைப்பகத்தில் ஒருவர் கையால் இணைக்க வேண்டும்; நினைத்தால் பேச்சை அவரும் கேட்கலாம். முதலில் சிறுவர்களை வைத்தார்கள். அவர்கள் அழைப்பவர்களிடம் துடுக்காகப் பேசினார்கள். 1878 செப்டம்பர் 1 அன்று பாஸ்டனில் எம்மா நட் வேலைக்குச் சேர்ந்தார், உலகின் முதல் பெண் ஆபரேட்டர். பின்னால் அது பெண்களின் வேலையாகவே ஆனது. வீட்டுக்கு வெளியே சம்பளம் வாங்கும் வேலை பல பெண்களுக்கு அந்தப் பலகையின் முன்னால்தான் கிடைத்தது. தொலைபேசியின் சமூகத் தாக்கம் என்றால் எனக்கு முதலில் தோன்றுவது இதுதான். நடுவில் இருந்த அந்தக் காதை அகற்றியவர், ஈமச்சடங்குத் தொழில் நடத்திய ஆல்மன் ஸ்ட்ரோஜர். தனக்கு வரவேண்டிய அழைப்புகளை ஆபரேட்டர் போட்டியாளருக்குத் திருப்பிவிடுகிறார் என்ற சந்தேகத்தில் தானியங்கி இணைப்பு முறையை உருவாக்கி, 1891இல் காப்புரிமையும் பெற்றார்.

அந்த ஆபரேட்டர் பெண்களைத் தெய்வங்களாகவே எழுதியவர் பிரெஞ்சு நாவலாசிரியர் மார்செல் புரூஸ்ட். தியேட்டரோஃபோன் என்ற சேவைக்குச் சந்தா கட்டி, படுக்கையில் இருந்தபடியே தொலைபேசி வழியாக ஓபரா கேட்டவர் அவர். அரங்கம் இல்லாமல் குரல் மட்டும் வந்தால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும். அவருடைய பெருநாவலின் மூன்றாம் பகுதியில், வெளியூரில் இருக்கும் கதைசொல்லி பாரிஸில் உள்ள பாட்டியோடு தொலைபேசியில் பேசுகிறான். எத்தனையோ முறை கேட்ட குரல்தான். இதுவரை அதை முகத்தோடு சேர்த்தே கேட்டிருக்கிறான். முகம் விலகியதும் அந்தக் குரலில் வாழ்நாள் துயரம் ஏற்படுத்திய விரிசல் முதன்முறையாகக் கேட்கிறது. சட்டென்று இணைப்பு அறுகிறது. 'பாட்டி, பாட்டி' என்று வெற்றுக்கம்பியில் கூப்பிடுகிறான். அவள் சாகப்போகிறவள் என்பது அவனுக்கு அங்கேதான் உறைக்கிறது. எந்தச் செய்தியும் வரவில்லை, எம். தூதுவன் எதையும் கொண்டுவரவில்லை.

நாடகத்தில் ழான் காக்டோ 1930இல் இன்னும் துணிந்தார். 'மனிதக் குரல்' நாடகம் முழுவதும் மேடையில் ஒரு பெண், ஒரு தொலைபேசி, அவ்வளவுதான். விட்டுப்போகும் காதலனோடு கடைசியாகப் பேசுகிறாள். அவன் சொல்வதில் ஒரு சொல்லும் நமக்குக் கேட்காது. அவளுடைய இடைவெளிகளை வைத்தே அவன் எப்போது பொய் சொல்கிறான், எப்போது அலுத்துக்கொள்கிறான் என்று நாம் கண்டுகொள்கிறோம். கடிதத்தில் இதைச் செய்யவே முடியாது. கடிதம் எழுதுபவர் மௌனமாக இருந்தால் காகிதம் வெறுமையாக இருக்கும். நீங்கள் கேட்ட கேள்விக்கு என் நேரடியான பதில் அந்த இடைவெளிதான்.

சினிமாவுக்குப் பேச்சு வருவதற்கு முன்பே தொலைபேசி பிடித்துப்போய்விட்டது. 1913இல் லோயிஸ் வெபர் உருவாக்கிய 'சஸ்பென்ஸ்' என்ற சிறு படத்தில் திரை முக்கோணங்களாகப் பிரிகிறது. ஒன்றில் தொலைபேசியோடு மனைவி, ஒன்றில் கணவன், ஒன்றில் வீட்டுக்குள் நுழையப் பார்க்கும் அந்நியன். குரலே இல்லாத படம். அவன் கம்பியை அறுக்கும்போது என் காது அடைத்துக்கொண்டதுபோல் இருந்தது.

என் அப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடைசி ஆண்டுகளில் அவருக்குக் காது அநேகமாகப் போய்விட்டது. ஆனாலும் நான் அழைத்தால் ரிசீவரைத் தன்னிடம் கொடுக்கச் சொல்வார். நான் கேட்காத கேள்விகளுக்குப் பதில் சொல்வார். சொல்லி முடித்ததும் ரிசீவரைக் கீழே வைக்கமாட்டார். காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று அம்மா சொன்னாள். எனக்கு இந்தப் பக்கம் அவருடைய மூச்சும், அந்த அறைக் கடிகாரமும், எங்கோ கதவு ஒன்று சாத்தப்படுவதும் கேட்கும். நான் பேச்சை நிறுத்திவிட்டேன் என்பது அவருக்குத் தெரியாது. அம்மா வந்து அவர் கையிலிருந்து ரிசீவரை வாங்கும்வரை நானும் வைக்கமாட்டேன்.

அன்புடன்