மகளிர் சங்கங்கள் நடத்தும் ஊக்கப் பேச்சுகளால் உண்மையிலேயே ஏதாவது பயன் உண்டா?

கேள்வி: இன்னர் வீல் மாதிரியான மகளிர் சேவைச் சங்கங்களில் மாதாமாதம் யாரையாவது அழைத்து வந்து பேச வைக்கிறார்கள். இதனால் யாருக்காவது பயன் இருக்கிறதா, இல்லை பொன்னாடையும் போட்டோவும்தானா? நீங்கள் கேட்டதில் மனதில் நின்ற பேச்சு எது?

பதில்:

பெரும்பாலும் பொன்னாடையும் போட்டோவும்தான். உள்ளே இருப்பவள் என்கிற முறையில் அதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். ஒன்பது வருடமாக இன்னர் வீல் உறுப்பினர், அதில் இரண்டு வருடம் பேச்சாளர்களைத் தேடிப் பிடிக்கும் வேலை என் தலையில் கட்டப்பட்டது. அந்த இரண்டு வருடத்தில் கேட்டவற்றில் மூன்று இன்னும் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கின்றன. மற்றவற்றில் சாப்பாட்டு மெனு மட்டும் ஞாபகம் இருக்கிறது.

இன்னர் வீல் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: ரோட்டரி சங்கங்களில் ஆண்கள் மட்டுமே இருந்த காலத்தில் அவர்கள் வீட்டுப் பெண்கள் ஆரம்பித்தது. 1923 நவம்பரில் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் மார்கரெட் கோல்டிங் என்கிற அம்மா 27 பெண்களைக் கூட்டினார். கூடிய இடம் எது தெரியுமா, ஒரு துருக்கிக் குளியல் நிலையத்தின் அறை. 1924 ஜனவரி 10 அன்று பெயர் வைத்து முறைப்படி தொடங்கினார்கள், ஜனவரி 10ஐ நாங்கள் இன்னர் வீல் தினம் என்று கொண்டாடுவது அதனால்தான். இந்தியாவில் முதல் சங்கம் 1955இல் அகமதாபாத்தில் வந்தது. எங்கள் சங்கம் ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு சின்ன ஊரில் இருக்கிறது, ஊர் பெயர் வேண்டாம், படித்துவிட்டு யாராவது போன் செய்வார்கள்.

பேச்சுகள் ஏன் சப்பென்று போகின்றன என்பதற்கு எனக்குத் தெரிந்த காரணம் ஒன்று. எங்களுக்கு ஆண்டு ஜூலை 1 அன்று பிறக்கும், பிரசிடென்ட் பதவி ஒரே ஒரு வருடம். கழுத்தில் பதவிக்கான காலர் ஏறும் அந்தப் பதவியேற்பு விழா பிரமாதமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் ஆசை இருக்கும், தப்பு சொல்ல முடியாது. ஆக, பேச்சாளருக்கான பணத்தில் முக்கால்வாசி ஜூலை மாதச் சிறப்பு விருந்தினருக்கே போய்விடும். மிச்ச மாதங்களுக்கு யாருடைய மாமனாராவது வந்து தியானம் பற்றிப் பேசுவார்.

அப்படி ஒரு ஜூலையில் பெரிய நகரத்திலிருந்து ஒரு ஊக்கப் பேச்சாளரை அழைத்தோம். காருக்கு, தங்கும் அறைக்கு, அவர் கவருக்கு என்று எல்லாம் சேர்த்து இருபதாயிரத்தைத் தாண்டியது. வந்தவர் கழுகுக் கதை சொன்னார். உங்களுக்கும் வாட்ஸ்அப்பில் வந்திருக்கும்: நாற்பது வயதானதும் கழுகு மலை உச்சிக்குப் போய்த் தன் அலகைத் தானே பாறையில் அடித்து உடைத்து, புது அலகு முளைத்து, இன்னும் முப்பது வருடம் வாழுமாம். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது ஓய்வு பெற்ற விலங்கியல் டீச்சர். "அலகை உடைச்சுக்கிட்டா அது பட்டினி கிடந்து செத்துப்போகும்மா" என்று என் காதில் சொன்னார். நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அப்புறம் பேச்சாளர், எல்லோரும் காலை ஐந்து மணிக்கு எழுந்து உங்களுக்காக நேரம் ஒதுக்குங்கள் என்றார். எங்கள் சங்கத்தில் பாதிப் பேர் நாலரைக்கே எழுந்து பால் காய்ச்சுகிறவர்கள், ஐந்து மணி வரை தூங்கக் கிடைத்தால் அதையே ஒரு ஊக்கமாக எடுத்துக்கொள்வார்கள். கைதட்டல் என்னவோ பலமாகத்தான் இருந்தது.

சரி, உருப்படியானவற்றுக்கு வருகிறேன்.

முதலாவது, பக்கத்து ஊர் கோர்ட்டில் வழக்காடும் ஒரு பெண் வக்கீல். ஃபிளெக்ஸ் வேண்டாம், இருபத்தைந்து நிமிடம் போதும் என்று போனிலேயே சொல்லிவிட்டார். வந்ததும் வணக்கம் சொல்லிவிட்டு, "நீங்க இப்ப குடியிருக்கிற வீட்டுப் பத்திரம் யார் பேர்ல இருக்கு, எங்க இருக்கு, ரெண்டும் தெரிஞ்சவங்க கை தூக்குங்க" என்றார். முப்பத்தி சொச்சம் பேரில் நான்கு கைகள். அதில் என் கை இல்லை. நான் எம்.காம். படித்தவள், வீட்டு வரவு செலவு முழுக்க என் கையில், ஆனால் பத்திரம் எந்த பீரோவில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு அவர் கதையே சொல்லவில்லை. பேங்கில் நாமினி என்று பெயர் இருந்தால் பணம் அவருக்கே சொந்தம் என்று நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோமே, அவர் வாங்கி வாரிசுகளுக்குச் சேர்ப்பிக்கும் பொறுப்பில் இருப்பவர், அவ்வளவுதான். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு 1989இலேயே சட்டம் திருத்தியது, ஆனால் அந்த வருடம் மார்ச் 25க்கு முன் கல்யாணம் ஆனவர்களுக்கு அது கிடையாது. அந்தக் கல்யாணக் கணக்கு இல்லாமல் நாடு முழுக்கத் திருத்தம் வந்தது 2005இல். அந்தத் திருத்தம் அமலான தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற குழப்பத்தை உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தீர்த்து வைத்தது, இருந்திருக்க வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 20க்கு முன்பே முறையாகப் பதிவான பாகப்பிரிவினையைக் கிளற முடியாது. இவ்வளவையும் கரும்பலகையில் ஒரு கோடு போட்டு, தேதிகளை வரிசையாகக் குறித்து, உங்கள் கல்யாணத் தேதி எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். ஹாலில் கல்யாண நாளைப் பற்றி அவ்வளவு தீவிரமாக யாரும் பேசி நான் பார்த்ததில்லை.

உண்மையான பேச்சு டீ நேரத்தில்தான் நடந்தது. அறுபதைத் தாண்டிய ஒரு அக்கா, கூட்டத்தில் வாயே திறக்காதவர், வக்கீலை ஓரமாகக் கூட்டிப்போய், "நான் என் பங்கு வேண்டாம்னு அண்ணனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் குடுத்துட்டேனே, இனி ஒண்ணும் பண்ண முடியாதா" என்று கேட்டார். படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டாரா என்று வக்கீல் கேட்டதற்கு, அன்றைக்கு அண்ணி கையால் பாயசம் குடித்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது என்றார். பதிவான பத்திரத்தை அவ்வளவு சுலபமாக அசைக்க முடியாது என்று வக்கீல் நேராகவே சொல்லிவிட்டார். அந்த அக்காவுக்கு எதுவும் திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால் அடுத்த வாரமே மருமகளைக் கூட்டிக்கொண்டு அவரே வக்கீல் ஆபீஸுக்குப் போனார். மருமகளின் பிறந்த வீட்டில் பாகப்பிரிவினைப் பேச்சு நடந்துகொண்டிருந்ததாம். அடுத்த மாத மீட்டிங்கில் வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் போனிலேயே எடுத்துப் பார்த்ததாகப் பதினோரு பேர் சொன்னார்கள். கழுகு மொத்தமாக எத்தனை பேரை அசைத்தது என்று நான் கேட்கவில்லை.

இரண்டாவது, ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் ஒருவர். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பற்றிப் பேச வந்தார். அன்றைக்கு ரோட்டரியோடு கூட்டு மீட்டிங், முன்வரிசை முழுக்க வேட்டி சட்டையில் கணவன்மார்கள். பின்னால் நாங்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் பத்து நிமிடம் பார்த்தார், பிறகு மைக்கிலேயே, "அண்ணன்மார்களெல்லாம் போய் டீ சாப்பிட்டுட்டு வாங்க, போண்டா சூடா இருக்கு" என்றார். அவர்கள் போனதும் கேள்விகள் கொட்டின. வலிக்குமா, எவ்வளவு நேரம் ஆகும், ஆண் டாக்டர் இருப்பாரா, மாதவிடாய் நின்றுபோனவர்களுக்கும் தேவையா. முப்பது வயது தாண்டினால் அரசு நிலையத்தில் இலவசமாகவே பார்க்கிறார்கள், வினிகர் மாதிரி ஒரு திரவத்தைத் தடவி நிறம் வெளுக்கிறதா என்று பார்ப்பது, சில நிமிட வேலை, வெளுத்தால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை, மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்று அர்த்தம். இதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். இரண்டு வாரம் கழித்து ஒரு வேன் பிடித்துப் பதினான்கு பேர் சேர்ந்து போனோம். ஒருவருக்கு மேற்சிகிச்சை தேவைப்பட்டது, நன்றாக இருக்கிறார், இதற்கு மேல் அது அவருடைய விஷயம்.

பெண்கள் கூடிப் பேச்சுக் கேட்பது என்னவோ மான்செஸ்டரிலிருந்து நமக்கு வந்தது என்று நினைக்க வேண்டாம். அதற்கு முன்பே, 1917இல், அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்கிவிட்டது. அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா எல்லாம் அதில் இருந்தார்கள். அதே வருட டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு ஒன்று இந்திய விவகாரங்களைக் கவனித்த பிரிட்டிஷ் அமைச்சர் மாண்டேகுவைச் சென்னையில் சந்தித்து எங்களுக்கும் ஓட்டு வேண்டும் என்று கேட்டது, அதற்கு ஏற்பாடு செய்தவர் கசின்ஸ். 1921இல் சென்னை மாகாணத்தில் ஓட்டு கிடைத்தது, சொத்துள்ள பெண்களுக்கு மட்டும் என்றாலும். அந்தக் கூட்டங்களில் பேச்சு முடிந்ததும் மனு எழுத உட்கார்ந்திருப்பார்கள் என்று நான் கற்பனை செய்துகொள்வேன். எங்கள் கூட்டங்களில் பேச்சு முடிந்ததும் நன்றியுரை, அது சில சமயம் பேச்சை விட நீளம்.

மூன்றாவதுதான் என் மனதில் நின்றது. காய்கறி மார்க்கெட்டில் கமிஷன் கடை நடத்தும் ஒரு பெண். ஒட்டன்சத்திரம் மார்க்கெட் தெரிந்தவர்களுக்கு அங்கே கடை நடத்துவது என்ன பாடு என்று தெரியும், கேரளாவுக்குப் போகும் லாரிகளும் மூட்டைகளும் சத்தமும். கணவருக்கு உடம்பு முடியாமல் போய் ஒரு வருடம் படுத்துவிட, இவர் கடையில் உட்கார்ந்தவர், பிறகு எழுந்திருக்கவே இல்லை. அவரை நான் மூன்று முறை போய்க் கூப்பிட்டேன். "எனக்குப் பேச வராதுங்க, நீங்க கேளுங்க, நான் சொல்றேன்" என்றார். அதனால் மேடையை விட்டுவிட்டு நாற்காலிகளை வட்டமாகப் போட்டோம். அதுவே பாதி வேலையைச் செய்துவிட்டது.

கையில் ஒரு நீளக் கணக்கு நோட்டு கொண்டு வந்திருந்தார். முதல் வாரம் முழுக்க வந்தவர்கள் எல்லோரும் "அண்ணன் இல்லையா" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்களாம். "அண்ணன் இல்லீங்க, கணக்கு இருக்கு, பாத்துட்டுப் போங்க" என்று இவர் நோட்டைத் திருப்பிக் காட்ட ஆரம்பித்தாராம். முதல் வருடம் முருங்கை விலை விழுந்த நேரத்தில் ஒரு வியாபாரிக்குக் கடனுக்குச் சரக்குக் கொடுத்து மூன்று லட்சம் போனது, இன்னும் வரவில்லை, அந்தப் பக்கத்தையும் எங்களுக்குக் காட்டினார். சிவப்பு மையில் அந்த வியாபாரியின் பெயரும் தொகையும், கீழே ஒன்றுமில்லை. ஜெயித்த கதை மட்டும் கேட்டுப் பழகிய எங்களுக்கு அந்தப் பக்கம் என்னவோ செய்தது. பயமாக இல்லையா என்று ஒருத்தி கேட்டாள். "பயமாத்தான் இருக்கும். லோடு வந்துரும், அப்புறம் அதுக்கு நேரமிருக்காது" என்றார். நாற்பது நிமிடம் என்று நினைத்தது இரண்டு மணி நேரம் ஓடியது. துணிக்கடை வீட்டு மருமகள் ஒருத்தி கடன் கணக்கை எப்படிப் பிரித்து எழுதுவது என்று அவரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டாள், இப்போது அந்தக் கடையில் கல்லாவில் அவள்தான்.

கடைசியில் எங்கள் வழக்கப்படி சால்வை போட்டு ஷீல்டு கொடுத்தோம். அவர் ஷீல்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கோபமே இல்லாமல், "ஒரு நாள் லோடு விட்டுட்டு வந்தேங்க, கவர் குடுத்திருந்தா வாங்கிட்டிருப்பேன்" என்றார். எனக்கு முகம் சிவந்துவிட்டது. கழுகுக்காரருக்குக் கேட்காமலேயே கவர் கொடுத்தவர்கள் நாங்கள். இவருக்கு இருநூறு ரூபாய் ஆட்டோ காசு கூடக் கொடுக்கத் தோன்றவில்லை, உள்ளூர்ப் பெண்தானே, கூப்பிட்டதே கௌரவம் என்று நினைத்திருக்கிறோம். மறுநாள் கடைக்குப் போய்க் கவர் கொடுத்தேன். எண்ணிப் பார்த்துவிட்டு நோட்டில் வரவு எழுதிக்கொண்டார்.

நீங்களும் ஏதாவது சங்கத்தில் இந்த வேலையில் மாட்டியிருந்தால், என் அனுபவத்தில் சொல்வது இதுதான்: ஷீல்டை நிறுத்திவிட்டு அந்தக் காசைக் கவரில் வையுங்கள், வருகிறவர் யாராக இருந்தாலும். சாயங்காலம் நாலு மணிக்கு வையுங்கள், ஆறு மணிக்கு வைத்தால் உடம்பு ஹாலிலும் மனசு இட்லி மாவிலும் இருக்கும். முதல் கேள்வி கேட்க இரண்டு பேரை முன்கூட்டியே ரகசியமாகத் தயார் செய்து வைத்துக்கொள்ளுங்கள், முதல் கேள்வி விழுந்தால் மற்றவை தானாக வரும். டீயைப் பேச்சு முடிந்த உடனே கொடுங்கள், பேச்சாளரைச் சீக்கிரம் காரில் ஏற்றி அனுப்பிவிடாதீர்கள்.

அடுத்த மாதம் 108 ஆம்புலன்ஸில் வேலை பார்க்கும் ஒரு பெண் வருகிறார். போனில் அவர் தன்னைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை, ஹால் தரை டைல்ஸா சிமெண்டா என்றுதான் கேட்டார். பொம்மை ஒன்று கொண்டு வருவாராம், இதயம் நின்றுபோனவருக்கு நிமிடத்துக்கு நூறிலிருந்து நூற்றிருபது தடவை நெஞ்சை அழுத்துவது எப்படி என்று ஒவ்வொருவரையும் மண்டி போட வைத்துச் செய்யச் சொல்லப் போகிறாராம், டைல்ஸ் என்றால் முட்டி வலிக்கும். ஜமக்காளத்துக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். எல்லோரும் பட்டுப் புடவையில் வர வேண்டாம் என்று குரூப்பில் ஒரு மெசேஜ் போட வேண்டும், அதை எப்படிச் சண்டை வராமல் எழுதுவது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.